வந்த பிறகு பொருந்தும் விதிகள்

உத்திரமேரூரில் வீட்டை விட்டு இறங்கும் மனிதனிடம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எங்கே கிளம்பிவிட்டீர்கள்? கேட்கிறவருக்குப் பதில் தேவையில்லை, அதற்காக அவர் நிற்பதும் இல்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. எங்கள் வீட்டுக்காரர் காதர் பாய்க்குத் தெருமுனையில் இரும்புக்கடை; கடையின் ஒரு மூலையில் கண்ணாடி அறை கட்டி வெளிநாட்டுத் தொலைபேசியும் வைத்திருக்கிறார். வந்த புதிதில் அவர் "இன்னா சார், எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால், நான் நின்று, போகும் இடம், போகும் காரணம், திரும்பும் நேரம் மூன்றையும் வரிசையாகச் சொல்வேன். மரியாதைக்காகப் பாய் கையிலிருக்கும் ஆணிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்பார். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை. "சார், இதுக்கெல்லாம் ஏன் இவ்ளோ பேஜார் பட்டுக்கினு. 'இப்டிக்கா'ன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருங்க." இப்டிக்கா என்றால் இந்தப் பக்கமாக. எந்தப் பக்கம் என்பது அந்தச் சொல்லுக்குள் கிடையாது. என் வாயில் அது வரவில்லை. இடம் குறிப்பிடாத பதிலை என் கந்தோரில் நான் யாரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை.

கந்தோர் என்று நாங்கள் சொல்வதை இங்கே ஆபீஸ் என்கிறார்கள். வடக்கு இலங்கையில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், நான் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த ஊர்க் கணக்கில் ஹெட் கிளார்க். சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம், கடைசி ஆண்டுகளில் பயண அனுமதி. ஒரு சோதனைத் தடையிலிருந்து அடுத்த தடைக்குப் போக மக்களுக்குக் காகிதம் தேவைப்பட்ட காலம் அது. எந்த விதியில் எந்த உட்பிரிவு, எந்தச் சுற்றுநிருபம், இங்கத்தைய சுற்றறிக்கை, எதை ரத்துச் செய்தது என்பதெல்லாம் என்னிடம் மனப்பாடமாக இருந்தது. வீட்டில் அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். பிறகு வீடு இருந்த தெரு இல்லாமல் போயிற்று. நானும் மனைவி திலகமும் படகில் ஏறினோம். கடலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

அகதி முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருக்க அனுமதி பெற்றவர்கள் மாதம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். வெளியூரில் இரவு தங்குவதானால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். திலகத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவளுக்கும் சேர்த்து நானே போகிறேன். குடும்பத் தலைவன் நான். அவள் பெயர் என் பெயருக்குக் கீழே இருக்கிறது. அங்கே எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்கிறார்கள். எங்கள் ரைட்டர் தணிகாசலம், எனக்கு மகன் வயதிருக்கும். நான் எங்கே போகிறேன், எங்கே போய்வந்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பகுதியில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே மனிதர், அதைக் கேட்க வேண்டிய கடமை உள்ளவர்.

இப்படி இருக்கையில், பாயின் மகள் நஸ்ரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கீழ்ப்பகுதிக்கு வந்தாள். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி விரிவுரையாளர். முனைவர் பட்ட ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். "அங்கிள், எனக்கு ரூல்ஸ் வேணும். நெறைய வேணும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கினு இருக்கற மாதிரி வேணும்" என்றாள். இந்த நாட்டுக்கு வந்தபின் என் சரக்கைக் கேட்டு வந்த முதல் வாடிக்கையாளர் அவள்தான்.

அவள் ஆராய்ச்சி எனக்கு விளங்கிய அளவில் இது. ஏஜென்ட் என்று ஒரு சிறு நிரல், அதாவது புரோகிராம். மனிதனுக்குப் பதிலாக அது கணினிக்குள் காரியம் பார்க்கும். விண்ணப்பிக்கும், காத்திருக்கும், அடுத்த படிக்குப் போகும். அதை வெளியே விடுவதற்கு முன், அது எந்த வழியில் போனாலும் விதியை மீறாது என்று நிறுவ வேண்டும். அதற்காக விதிகளையெல்லாம் தர்க்க வாக்கியங்களாக மாற்றுகிறாள். கட்டாயம், கூடும், கூடாது என்று மூன்றே வகை. பிறகு இன்னொரு நிரல், ஏஜென்ட் போகக்கூடிய எல்லா வழிகளையும் முன்கூட்டியே நடந்து பார்த்து, எங்கே மீறல் வருகிறது என்று சொல்லும். ஊரில் இருந்தபடியே எழுதும் லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கு நான் தர்க்கவியல் படித்தவன். எல்லா மனிதரும் இறப்பவர் என்று தொடங்கும் அந்தப் பாடத்துக்கு இப்படியொரு வேலை இருக்கும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

நூலகத்தில் புத்தகம் எடுக்கும் விதிகளை முதலில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுடைய ஆசிரியர் அது குழந்தை விளையாட்டு என்று சொல்லிவிட்டார். நான் என்னிடமிருந்ததைக் கொடுத்தேன். "நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ பிள்ளை. முதலாவது: அனுமதியில்லாமல் நாட்டுக்குள்ளை வரக்கூடாது. ரெண்டாவது: வந்தவர் பதிய வேணும். மூண்டாவது: பதிஞ்சவர் மாதாமாதம் கையெழுத்து வைக்க வேணும்." அவள் மூன்றாவதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இது உங்க கேஸா அங்கிள்?" "ஓம். சோதிச்சுப் பார்க்க ஆள் பக்கத்திலையே இருக்கு."

கணினி அவர்கள் வீட்டு மாடிக் கூடத்தில் இருந்தது. ஏஜென்ட்டுக்கு அவள் வைத்த பெயர் 'க'. முதல் ஓட்டத்தில் க முதல் படியிலேயே நின்றுவிட்டான். திரை மீறல் என்று சிவப்பில் எழுதியது. அதற்கு மேல் அவன் செய்வது எதற்கும் பொருள் இல்லை. பதிந்தாலும் ஒன்றுதான், பதியாவிட்டாலும் ஒன்றுதான். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இருக்கக்கூடாது என்பதும் இருக்கிறான் என்பதும் சேர்ந்தால் அந்தப் பழைய தர்க்கம் குழம்பிப்போய், எதை வேண்டுமானாலும் கட்டாயம் என்று நிறுவிவிடுமாம். அதன்படி நான் ஏரியில் குதித்தே ஆகவேண்டும். குதிக்காமலும் இருந்தே ஆகவேண்டும். "பாவம் அங்கிள் நீங்க" என்று நஸ்ரின் சிரித்தாள். கந்தோரில் இதைவிட மோசமான சுற்றுநிருபங்களைப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

ஒரு மாதம் போராடி அவள் விதிகளை ஏணியாக அடுக்கினாள். வரக்கூடாது. அது உடைந்தால், பதிய வேண்டும். பதிந்தால், கையெழுத்திட வேண்டும். முதல் படி உடைந்தால்தான் கீழ்ப்படிகளுக்கு உயிர். இப்போது க ஓடினான். மாதங்கள் திரையில் கீழே நகர்ந்துகொண்டே போயின. கடைசியில் ஒரு வரி: மீறல் உண்டு, ஈடுசெய்யப்பட்டது. என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. அதைப் பார்த்து எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். மாடிப்படி இறங்கும்போது மின்சாரம் போய்விட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த ஆண்டுகளில் இலங்கையில் எங்கள் பக்கம் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. தொலைபேசி திரும்பியிருந்தது. வாரம் ஒருநாள் பாயின் கண்ணாடி அறையிலிருந்து அக்காவுடன் பேசுவேன். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், மணமாகாதவள். எல்லோரும் போனபின்பும் அவள் போகவில்லை. பக்கத்து வீட்டாரின் தொலைபேசியில் வந்து பேசுவாள். ஒருநாள் சொன்னாள்: "தம்பி, ஒரு கண் முழுக்கப் போச்சுது. மற்றதும் மங்கிக்கொண்டு வருது. டொக்டர் இனி ஒண்டும் செய்யேலாதெண்டு சொல்லிப்போட்டார். பார்வை இருக்கேக்க ஒருக்கா உன்னைப் பார்த்திட வேணும்." நான் வாறன் என்றேன். அந்த ஒரு சொல்லை எந்த விதியின் கீழ் சொன்னேன் என்று அறையை விட்டு வெளியே வந்தபின்தான் யோசித்தேன்.

போவது கடினமில்லை. நிரந்தரமாகத் திரும்புவதாக எழுதிக் கொடுத்தால் போக விடுவார்கள். அத்துடன் என் பதிவு முடிந்துவிடும். எனக்குக் கீழே இருக்கும் திலகத்தின் பதிவும் ஆட்டம் காணும். அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே நானும் பாயின் மனைவியும் வேண்டும். படகுக்கோ விமானத்துக்கோ அவளை எப்படி மாற்றுவது? எனக்குத் தேவைப்பட்டது போய்த் திரும்புகிற வழி. நஸ்ரினிடம் கேட்டேன். க ஒருமுறை போய், ஒரு வாரம் தங்கி, திரும்பி வரட்டும். ஈடுசெய்ய முடியாத மீறல் எங்கும் இருக்கக்கூடாது. அப்படி ஒரு வழி இருக்கிறதா?

கணினி வெகுநேரம் தேடியது. நஸ்ரின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வழிதான் வருது அங்கிள். கோச்சிக்காதீங்க."

"சொல்லுங்கோ."

"முறைப்படி எழுதிக் குடுத்துட்டுப் போறீங்க. திரும்பி வரப்போ படகுல வரீங்க. மறுபடியும் பதியறீங்க."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. விசா கேட்டால் பழைய மீறல் குறுக்கே நிற்கும்; புதிய மீறலுக்கோ ஏணியில் ஏற்கெனவே படி இருக்கிறது. நான் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. முதலாம் முறை வந்தது எப்படியோ அப்படியே இரண்டாம் முறையும் வரலாம், வயதுதான் அதற்கு இடம் கொடாது.

திலகத்திடம் சொன்னேன். "இவ்வளவும் படிச்சு, ஒரு மெசினையும் வைச்சு, கடைசியிலை படகோட்டியிட்டைத்தான் போகச் சொல்லுதோ?" என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் வாய் கோணிச் சிரிப்பது சிரிப்பா என்று எனக்குத் தெரிவதில்லை.

அடுத்த கையெழுத்து நாளில் தணிகாசலத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. பாய் சொல்லியிருப்பார். "அக்காக்கு கண்ணு போறதுக்குள்ள ஒரு தபா பாத்துட்டு வந்துடுங்க சார்" என்றார். "வரப்போற மாசத்துக்கும் இப்பவே கையெழுத்து போட்டுக்கினு போங்க. தேதிய நான் போட்டுக்கறேன்."

அவர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "எந்த விதியின்ர கீழ் இதைச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன்.

"ரூலா?" அவர் முகம் சுருங்கியது. "நமக்குள்ள இன்னா சார் ரூலு. நான் பெத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி சொன்னேன்."

"மேலையிருந்து ஆரும் வந்து கேட்டால்?"

"இப்டிக்கா போயிருக்காருன்னு சொல்றேன். பெரியவரு, எங்க போயிடப் போறாரு?"

அவர் கோபித்துக்கொண்டார் என்பதும், அதற்கு முன் அன்பாகச் சொன்னார் என்பதும் வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு விளங்கின. வழியில் அந்தப் பழைய மண்டபம் இருக்கிறது. சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதிகளை அதன் சுவர் முழுக்க வெட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் குடத்தில் ஓலை போட்டதை மட்டும் வியந்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிடித்த விதி வேறு. கணக்குக் காட்டாதவன் சபைக்கு ஆகான். அவன் உறவினரும் ஆகார். ஒருவன் மீறினால் அவனுக்குக் கீழே எழுதப்பட்டவர்களும் விழுவார்கள் என்பதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் யோசித்திருக்கிறார்கள். நான் பிடிபட்டால் திலகத்தை முகாமுக்கு மாற்றுவார்கள். அங்கே அவளைத் தூக்கிவிட யார் இருப்பார்கள் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. தணிகாசலம் முன்கூட்டியே போடச் சொன்ன கையெழுத்தை நான் போடவில்லை; போகவும் இல்லை.

நஸ்ரினின் ஆசிரியர் வேலையைப் பாராட்டினாராம். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அனுமதியில்லாமல் வரக்கூடாது என்ற முதல் விதியை எடுத்துவிடச் சொன்னார். கருத்தரங்கில் அது வீண் கேள்விகளைக் கிளப்பும் என்றார். தயக்கத்துடன் என்னிடம் வந்து கேட்டாள். எடுத்துவிடுங்கோ பிள்ளை என்றேன். எடுத்த பிறகு எனக்கு ஓட்டிக் காட்டினாள். இப்போது க எங்கிருந்தும் வராதவன். ஏற்கெனவே இங்கே இருக்கிறான். விண்ணப்பிக்கிறான், அனுமதி கிடைக்கிறது, போகிறான், ஒரு வாரம் தங்குகிறான், திரும்பி வந்து கையெழுத்திடுகிறான். எல்லா வரிகளும் பச்சை. "இன்னொரு தபா ஓட்டட்டா?" என்று கேட்டாள். ஓட்டச் சொன்னேன். மறுபடியும் போய் வந்தான்.

பிறகு வந்த ஒரு கையெழுத்து நாளன்று, நிலையத்துக்குப் போகும் வழியில் கண்ணாடி அறைக்குள் நுழைந்து அக்காவை அழைத்தேன். மற்றக் கண்ணும் போய்விட்டது என்றாள். குரலில் முறைப்பாடு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கை பிடித்துக் கூட்டிவந்தாள் என்றாள்.

"தம்பி, இருக்கிறியே?"

"ஓம் அக்கா."

"இனி நீ வந்தாலும் எனக்குத் தெரியப்போறேல்லை. குரல்தானே. அது இதுக்குள்ளையும் வருது." பிறகு சொன்னாள்: "வந்திட்டன் எண்டு ஒருக்காச் சொல்லன். நான் நம்புறன்."

உண்மைக்கு மாறான வாக்குமூலத்துக்கு என்ன தண்டனை, எந்தப் பிரிவு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு வெளியே பாய் யாருக்கோ கம்பி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வந்திட்டன் அக்கா" என்றேன்.

"சாப்பிட்டியே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"சரி. களைச்சுப்போய் வந்திருப்பாய், படு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது பாய் தராசிலிருந்து தலை தூக்கினார். அறைக் கதவு சரியாக மூடாது. அவர் காதில் விழுந்திருக்கும். "வந்துட்டேன் வந்துட்டேன்னீங்களே, எங்க சார் வந்துட்டீங்க? இங்கதான கீறீங்க" என்றார்.

நின்றேன். இடம், காரணம், நேரம் மூன்றும் வழக்கம்போல வாய்வரை வந்தன.

"இப்டிக்கா" என்றேன்.

பாய் தலையசைத்துவிட்டு மறுபடி கம்பியை நிறுக்கத் தொடங்கினார். நான் நிலையத்துக்குப் போனேன். தணிகாசலம் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். திலகத்துக்கும் எனக்கும், இந்த மாதமும் இங்கேயே இருந்தோம் என்று கையெழுத்திட்டேன்.