எங்க கம்மாயில மீன் இல்லை

எங்க ஊர்க் கம்மாயில மீன் இருக்கான்னு வெளியாள் கேட்டா, இல்லைன்னுதான் சொல்லணும். சின்னப்பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். இருக்குன்னு தெரிஞ்சா ஏலம் கேக்க ஆள் வந்துரும். ஏலம் போயிட்டா மீன் அத்தனையும் எடுத்தவனுக்கு. கேக்க ஆளில்லைன்னா, தண்ணி வத்துறப்ப கம்மாயை அழிப்போம். எங்க ஊரும் பக்கத்து ஊரும் ஒண்ணா இறங்கிப் பிடிக்கும். சிக்கினது அவனவனுக்கு.

அந்த வருசம் மழை நல்லா பேஞ்சிருந்தது. மடைப் பள்ளத்துல விரால் கிடந்தது. ஏலம் இன்னும் நடக்கலை. அப்பத்தான் தொண்டியில இருந்து ஒரு பாய் பைக்ல வந்தார். சவூதியில இருந்துட்டு வந்தவராம். கையில சக்கரம் வச்ச தூண்டில்.

"அண்ணே, இங்கன விரால் எங்க கிடைக்கும்?"

கடலோரத்து ஆள் கம்மாய் மீனை எதுக்குத் தேடணும்? அங்கனயே எனக்கு இடிச்சது. விரட்டவும் முடியாது. விரட்டினா மீன் இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி. நானே கூட்டிப் போனேன்.

மொதல்ல மாடு குளிப்பாட்டுற குட்டை. பெறகு ஓடை. கணுக்கால் அளவு தண்ணி. ஒரு கெளுத்திகூட கடிக்கலை. மனுசன் சலிக்கலை, கோவப்படவும் இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கலை. சட்டைப் பையில போன், கேமரா வெளிய தெரியிற மாதிரி இருந்தது. அதையே பாத்துக்கிட்டு நடந்தேன்.

கரை மேல திரும்பி வாரோம். மடைக்கிட்ட பொளக்குன்னு ஒரு சத்தம். விரால் மூச்சு வாங்க மேல வந்து போகும்.

"என்னண்ணே அது?"

"தவளை."

"பெரிய தவளையா இருக்கும் போல."

பையில கைவிட்டு ரப்பர் தவளை ஒண்ணை எடுத்தார்.

"அதுக்கு ஒரு ஜோடி போட்டு விடுவோம்."

ரெண்டாவது வீச்சுல விரால். முழங்கை நீளம். முள்ளைக் கழட்டினார். தடவிப் பாத்தார். தண்ணியில விட்டுட்டார்.

"வீட்டுக்குக் கொண்டு போகலையா?"

"வீட்டுல கடல் மீன் கிடக்குண்ணே."

நான் நம்பலை. டீக்கடைக்காரர்கிட்டச் சொன்னேன்.

"திங்கிறவன் கொண்டு போவான். விக்கிறவனும் கொண்டு போவான். பாத்துட்டு விடுறவன் யாரு? ஏலக்காரன் அனுப்பின ஆளு. நீயே கொண்டு போயி மடையைக் காட்டிட்டியேப்பா!"

"நான் காட்டலை. மீன்தான் காட்டுச்சு."

"அப்ப மீனைத்தான் கூப்பிட்டு வையணும்."

ஏலம் போனா ஊர் என்னையத்தான் கை காட்டும். ஏலத்தன்னைக்கு ரோட்டையே பாத்து நின்னேன். தொண்டிப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வண்டியும் திரும்பிருமோன்னு பாத்தேன். ஒண்ணும் திரும்பலை. கேக்க ஆளே வரலை.

பங்குனியில கம்மாயை அழிச்சோம். ஊர்ப் பெரியவர் துண்டை வீசினதும் சனம் இறங்குச்சு. மடைப் பள்ளத்துல அடியில்லாத ஊத்தாக் கூடையைக் கவுத்திக் குத்தினேன். பக்கத்துல ஒரு ஆள், இடுப்புவரை சேறு. அந்த பாய்தான். அழிக்கிறன்னைக்கு யாரு இறங்கினாலும் தடுக்கிறதில்லை. யாரோ கொடுத்த ஓட்டை ஊத்தா. அதுக்குள்ள கைவிட்டுத் துழாவி ஒரு விராலைத் தூக்கினார். இந்தத் தடவை விடலை. தோள்பையில போட்டுக்கிட்டார்.

"வீட்டுல இன்னைக்குக் கடல் மீன் இல்லையோ?"ன்னேன்.

சிரிச்சார். "அன்னைக்கே கொண்டு போயிருந்தா எங்க தெருவே கேட்டிருக்கும்ணே, எந்தக் கம்மாய்னு. ஏலத்துக்கு மூணு பேரு வந்து நின்னிருப்பான்."

ஊத்தாவைத் தூக்கித் தள்ளிக் குத்தினேன்.

"இன்னைக்குக் கேட்டா? அடுத்த வருசமும் ஏலம் இருக்குல்ல."

"மாரியூர்ப் பக்கம்னு சொல்லிருவேன்."

"அது கடலோரம்ல கிடக்கு. அங்க ஏது விரால்? சாயல்குடிக்கு மேக்கேன்னு சொல்லுங்க."

சரின்னு தலையாட்டினார். சாயங்காலம் பைக்கை எடுத்தார். ரோடு திரும்புற வரைக்கும் கரையில நின்னு பாத்தேன். வழியில யாருக்கிட்டயாவது நிப்பாட்டிப் பேசுறாரான்னு.