என் அளவுக்கு ஒரு கயாக்

குடும்பமாக எங்கே போனாலும் பைகளுக்குக் காவல் நான்தான். ஆயர் குரோ ஏரிக்குப் போன அன்றும், ஜாசினிலிருந்து வந்த என் தங்கைகள் கைப்பைகளை என் மடியில் குவித்துவிட்டு ஆளுக்கொரு கயாக்கில், அந்த ஒடுக்கமான துடுப்புப் படகில், ஏறிக்கொண்டார்கள்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. பைகளை என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டு, கரையில் கிடந்த ஒரு கயாக்கில் கூச்சத்தோடு உட்கார்ந்தேன். இடுப்பு மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

"உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? கரையிலயே இருலா" என்று கடைசித் தங்கை தண்ணீரிலிருந்து சிரித்தாள்.

சுருக்கென்றது. ரவிக்கை இறுக்கினால் நான் தையல்காரரிடம்தானே சண்டை போடுவேன், என் உடம்பிடமா?

நேராகக் கயாக் வாடகைக்கு விடும் பெண்ணிடம் போனேன். "நான் நூற்றுப் பத்து கிலோம்மா. எனக்குத் தாங்குற மாதிரி அகலமா கயாக் இருக்கா?" எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

"இருக்கேக்கா! குழிக்குள்ள நுழையாம மேல உட்கார்ந்து ஓட்டுற கயாக். முதல்ல புல்லுல வச்சு உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தேன். இடுப்புக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம். முதுகுக்குச் சாய்மானம். கால் ஊன்றும் மிதியை அவள் தள்ளி வைத்ததும் முழங்கால் சுகமாக நீண்டது. லைஃப் ஜாக்கெட்டும் என் சைஸில் கேட்டு வாங்கினேன்.

ஏரி நடுவே தங்கையின் கயாக் தள்ளாடிக்கொண்டிருந்தது. என்னுடையது அவளைத் தாண்டி நேராகப் போனது.

இத்தனை வருஷம் நான் கரையில் உட்கார்ந்திருந்தது உடம்பால் இல்லை, வாய் திறந்து கேட்காததால்.

திரும்பிப் பார்த்தேன். மடி நிறையப் பைகளோடு என் வீட்டுக்காரர், "வாலா, போதும்!" என்று கத்தினார். கையசைத்துவிட்டு இன்னொரு சுற்றுப் போனேன்.