முன்குழி

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிரேன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. நாலாவது மாடி வார்டில் எவ்வளவு கனமான நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டியிருந்தாலும் சிஸ்டர் நடைபாதையைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்: "கிரேனைக் கூப்பிடுங்க!"

கிரேன் வருவாள், கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு. ஆனால் தூக்க மாட்டாள். ஆளை ஒருபக்கம் சாய்த்து அடியில் வழவழ விரிப்பை நுழைப்பாள், மறுபக்கம் சாய்த்து அதை இழுப்பாள். "மூச்சை விடுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். தூக்கித் தூக்கியே இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்தவர்கள் அந்த வார்டில் நாலு பேர். இவள் முப்பத்தோரு வருஷமாக நிமிர்ந்து நடக்கிறாள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் போடும் காற்று மெத்தையும் அவள் பொறுப்புதான். மெஷின் பார்க்க வருகிறவன் மெத்தையைக் கல் மாதிரி அடித்துவைத்துவிட்டுப் போவான். அவன் முதுகு திரும்பியதும் இவள் மூடியைத் திருகிப் பாதிக் காற்றை இறக்கிவிடுவாள். கல்லாக இருந்தால் எலும்பு குத்துகிற இடமெல்லாம் புண்ணாகும். அரைக்காற்று இருந்தால்தான் உடம்பு பரவிப் படுக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புண்களைக் கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டது.

கழுவுகிற அறையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் கடல் ஒரு நாடா அகலத்துக்குத் தெரியும். மலப்பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே முப்பத்தோரு வருஷமாக அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கரையில் நின்று கால் நனைத்திருக்கிறாளே தவிர, தண்ணீர்மேல் போனதில்லை. போக வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அவளே சிரிப்பாள்.

புருஷன் பெஞ்சுக்காரர். பட்டறையில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்தவர். "பத்துப் பசங்க ஏறிக் குதிச்சாலும் கிறீச்சுனு ஒரு சத்தம் வரக் கூடாது, அதுதான் வேலை" என்பார். அவர் வேலையில் சத்தம் வந்ததில்லை, நிஜம்தான். வீட்டிலும் அவரிடமிருந்து அதிகம் சத்தம் வராது. வந்தால் "இந்தா" என்று வரும். அதுதான் வீட்டில் அவளுக்குப் பெயர்.

ஓய்வு பெற்ற மாசம் முடிவெட்டப் போனவர் அங்கே கிடந்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். பாய் கட்டிய கயாக். ஒடுங்கிய படகு, நடுவில் பாய்மரம், இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல மிதவைகள். படத்துக்குக் கீழே அளவெல்லாம் போட்டிருந்தது. மெல்லிய பலகை என்று போட்டிருந்த இடத்தில் பெஞ்சுக்காரர் பென்சிலால் அடித்து, பெஞ்சுப் பலகை என்று எழுதினார். அவர் கைக்கு மெல்லிசு வராது.

ஆறு வருஷம் அந்தப் படகு முன்னறையில் வளர்ந்தது. சோபா வெளியே போனது. சுவருக்குச் சுவர் படகு நின்றது. அதன் முதுகில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். பசை வாசனை அவள் தலைமுடியில் ஏறி வார்டு வரைக்கும் வந்தது. ஊரிலிருந்து வந்த மகள் படகுக்கடியில் தலையை விட்டுப் படுத்து, காலையில் எழும்போது நெற்றியை இடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த வீட்டுல நான் விருந்தாளியா, இது விருந்தாளியா?"

"நீயும் நானும் விருந்தாளிடி. இவதான் வீட்டுக்காரி."

படகை அவள் சக்களத்தி என்றே சொல்வாள். "சக்களத்திக்கு இன்னிக்கு பாலிஷ் ஆச்சா?" என்று கேட்டால் பெஞ்சுக்காரர் உப்புத்தாளை நிறுத்தாமல் தேய்ப்பார். எதிர்வீட்டு டைலர் மட்டும் விடமாட்டான்.

"அண்ணே, கப்பல் எப்ப கிளம்புது?"

"காத்து வரட்டும்."

"காத்து வாசல் வழியா வந்துடும். கப்பல் வாசல் வழியா போகுமா?"

போகவில்லைதான். ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்க்க வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் அவள் ஏன் பொறுத்தாள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் வருஷம், காதில் பென்சிலோடு, அவர் சொன்னார்: "ரெண்டு குழி வைக்கிறேன்." உட்காருகிற இடத்தைக் குழி என்பார். புத்தகப் படத்தில் ஒரு குழிதான். இவர் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டு வைத்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சத்தையெல்லாம் அவளே சொல்லிக்கொண்டாள். முன்னால் நான், பின்னால் இவர்.

பின்குழியில் அவர் ஆறேழு தடவை உட்கார்ந்து பார்த்தார். சாக்பீஸால் கோடு போட்டார், இருக்கையைத் தன் பிட்டத்துக்கு ஏற்றபடி செதுக்கினார். முன்குழிக்கு அவளை உட்காரச் சொல்லவில்லை, அளவும் எடுக்கவில்லை. ஒரு முக்காலிக்கு நாலு தடவை அளவெடுக்கிற மனுஷன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். 'இத்தனை வருஷம் கூட இருக்கிறவருக்கு என் அளவு தெரியாதா' என்று நினைத்துக்கொண்டாள். தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற ஒரு தொப்பி வாங்கி அலமாரியில் துணிகளுக்கடியில் ஒளித்துவைத்தாள்.

படகு கிளம்பிய அன்று லீவு போட்டாள். தெரு ஆட்கள் எட்டுப் பேர் தூக்கிச் சின்ன லாரியில் ஏற்றினார்கள். "உள்ள யாராவது படுத்திருக்காங்களா?" என்று டிரைவர் கேட்டான். சாலை முடிகிற இடத்தில் எல்லோருமாகப் படகை இறக்கி, பெஞ்சுக்காரர் செய்திருந்த தள்ளுவண்டியில் வைத்துக் கட்டினார்கள். நாலு பழைய ஸ்கூட்டர் சக்கரம் போட்ட வண்டி. ஆட்களுக்கு வேலை இருந்தது, லாரியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து ஈர மணல் வரைக்கும் காலால் அளந்தால் தொண்ணூறு எட்டு. எல்லாம் மாவு மாதிரி மணல், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும்.

பெஞ்சுக்காரர் கால் பம்பை எடுத்து நாலு சக்கரத்துக்கும் காற்றடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு. இப்பத்தான் பாரம் தாங்கும்" என்றார். வண்டியில் கட்டியிருந்த பட்டையை அவள் மார்பில் போட்டுக்கொண்டு முன்னால் இழுத்தாள், அவர் பின்னால் தள்ளினார். பத்து எட்டு போயிற்று. நாலு சக்கரமும் கத்தி மாதிரி மணலை வெட்டி அச்சு வரை இறங்கிவிட்டன.

"இழுடி!"

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க பெஞ்சு நகரல."

"ஆஸ்பத்திரியில மலையைப் புரட்டுறேன்னு பேரு. இங்க வந்து என்ன?"

"அங்க புரட்டுறது மனுஷங்களைங்க. அவங்களுக்குக் கொஞ்சம் ஒத்துழைக்கத் தெரியும்."

சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். வலித்தது அவருக்குத்தான். பிறகு ஆள் கூட்டிவருகிறேன் என்று சாலைப் பக்கம் நொண்டிக்கொண்டே போனார்.

அவள் உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்தாள். முதுகு தேய்ந்த நோயாளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கனம் முழுக்க ஒரு விரல் அகலத்தில் குத்திக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியை எடுத்து வால்வைக் குத்திப் பிடித்தாள். உஸ்ஸென்று காற்று போயிற்று. சப்பையாகிவிடும் முன் நிறுத்தினாள். நாலு சக்கரமும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன் வயிறு மாதிரி இருபுறமும் பிதுங்கும்வரை இறக்கினாள். பிறகு கையாலேயே மணலைப் பறித்து முன்னால் சரிவாக வழி செய்தாள்.

பெஞ்சுக்காரர் தனியாகத் திரும்பி வந்தார். "ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். தள்ளிப் பாப்போம்."

தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. நகர்ந்தது. சக்கரம் மணலை வெட்டாமல் அதன்மேல் அப்பிக்கொண்டு உருண்டது. பட்டை அவள் தோளை அறுத்தது, மூச்சு சீட்டியடித்தது. முப்பது எட்டு, நிறுத்தம். இன்னும் இருபது, நிறுத்தம்.

"பாத்தியா?" என்றார் பெஞ்சுக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "சக்கரம் புதுசு. பழகணும்ல. பழகிடுச்சு."

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஏன் நகர்கிறது என்று கேட்கவுமில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்காத மனுஷனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? முன்குழிதான் கண்ணுக்குள் நின்றது. தண்ணீர்மேல் போனபின் பேசிக்கொள்ளலாம்.

ஈர மணலைத் தொட்டபோது வெயில் ஏறியிருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மிதந்தது. அந்தக் கனத்துக்கு அது மிதந்ததே ஆச்சரியம். பெஞ்சுக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மகள் பிறந்தபோதுகூட அவள் அதைப் பார்த்ததில்லை. பையைத் திறந்து தொப்பியை எடுத்தாள். தலையில் வைத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

அவர் கவனிக்கவில்லை. பின்குழியிலிருந்து நாலு சின்னச் சாக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா. மண்ணை அள்ளி நிரப்பு. முக்கால் சாக்கு போதும்."

நிரப்பினாள். எதற்கென்று தெரியாமலே நிரப்பினாள். முப்பத்துமூணு வருஷத்துப் பழக்கம், சொன்னதும் கை போய்விடும். அவர் ஒவ்வொரு சாக்காகத் தூக்கிப்போய் முன்குழியில் அடுக்கினார். நாலும் கச்சிதமாகப் பொருந்தின. அளவெடுத்துச் செய்த குழி.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"அங்க ஏன் வைக்கிறீங்க?"

"முன்னாடி கனம் வேணும். இல்லேன்னா பாய்ல காத்து புடிக்கிறப்ப மூக்கு தூக்கிடும். அறுபது கிலோ வேணும்."

"நான் அறுபத்திரண்டு இருக்கேன்."

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ எதுக்கு? மண்ணுன்னா வெச்ச இடத்துல அசையாம இருக்கும். நீ அசைவே. வாயும் சும்மா இருக்காது." கயிற்றை அவிழ்த்தார். "வண்டியைப் பத்திரமா பாத்துக்க. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். திரும்ப ஏத்தணும்ல."

பாய் புடைத்தது. படகு போயிற்று. நாலு சாக்கு மண் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு போயின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அழவில்லை. தொப்பியைக் கழற்றினாள். பிறகு கால் பம்பை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் சக்கரத்தில் மாட்டி மிதித்தாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. பம்பைத் துடைத்து வண்டிமேலேயே வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

முன்னறை ஆறு வருஷத்துக்குப் பிறகு காலியாக இருந்தது. பெருக்கினாள். ஒரு முறம் மரத்தூள் வந்தது. தரையில் நடுவாகப் படுத்துப் பார்த்தாள். தலை எதிலும் இடிக்கவில்லை.

சாயங்காலம் பெஞ்சுக்காரர் நடந்தே வந்தார். முழங்கால்வரை மணல், உதடெல்லாம் உப்பு.

"எங்கடி போயிட்டே? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போச்சு."

"வேலை இருந்துச்சு."

"குளிக்க வந்தவங்க ரெண்டு பேரைக் கெஞ்சி வண்டியில ஏத்தினேன். ஈர மண்ணைத் தாண்டினதும் புதைஞ்சுடுச்சு. அங்கயே வண்டிமேல கவுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"சக்கரத்துல காத்து இல்லையா?"

"கல்லு மாதிரி இருக்கு!"

"அப்புறம் என்ன? நீங்க சொன்ன மாதிரியேதான அடிச்சு வெச்சேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். எங்கோ ஒரு மூலையில் ஏதோ தட்டியிருக்க வேண்டும். "காலைல மட்டும் எப்படி வந்துச்சு? நீ என்ன பண்ணினே?"

கல்யாணமான நாளிலிருந்து, ஒரு வேலையை நீ எப்படிச் செய்தாய் என்று அவர் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் வால்வு முதல் கொண்டை ஊசி வரை விரிவாகச் சொல்லியிருப்பாள்.

"முன்னாடி உக்கார வெச்சீங்களே, அந்த மண்ணைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள்.

தொப்பி பதினாலாம் கட்டில் பெண்ணுக்குப் போயிற்று. மருந்தில் முடி முழுக்க உதிர்ந்தவள். அவளுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

பெஞ்சுக்காரர் இன்னும் வாரம் ஒருமுறை பம்போடு கடற்கரைக்குப் போகிறார். சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் காற்று அடிக்கிறார், தள்ளிப் பார்க்கிறார், திரும்பி வருகிறார். படகு கவிழ்த்தபடியே கிடக்கிறது. சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர்கள் வரிசையாக அதன்மேல் உட்காருகிறார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம் இல்லை. அவருக்குத் தெரிந்த வேலையைத்தான் அவர் செய்திருக்கிறார்.

ஒருநாள் டியூட்டி முடிந்து அவள் அந்தப் பக்கமாக நடந்தபோது உட்கார்ந்திருந்த ஒருத்தி நகர்ந்துகொண்டு பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"உக்காருங்கக்கா. இடம் கிடக்கு."

"வேணாம்மா," என்றாள் கிரேன். "நின்னே பழகினவ."

பஸ் வரும் திசையில் நடந்தாள்.