சித்திரையில் நிற்காத புரோகிராம்

எண்பதுகளின் நடுவில் அரியமங்கலத்தில் ஒரு சிறு கம்பெனியில் வேலை பார்த்தேன். கொதிகலன் சூட்டைக் கண்காணிக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகள் செய்தோம். அவற்றின் சிப்புக்குப் புரோகிராம் எழுதியவர் என் எதிர் மேஜைக்காரர், ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு மாலை வீடு திரும்பும்போது காவிரிப் பாலத்தில் லாரி மோதி இறந்துபோனார்.

அவர் வேலை என்னிடம் வந்தது. சூடு ஏறும்போது பெட்டி சில சமயம் உறைந்துபோகும். எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓடும் புரோகிராமைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்திப் பார்க்கத்தான் பிரேக்பாயிண்ட். சிப்புக்கு இடம் என்பது வெறும் எண். அந்த எண்களுக்கு எழுதியவர் வைத்த பெயர்கள் பிளாப்பியில் தனி ஃபைலாக இருக்கும். அதைத் திறந்தேன். எல்லாம் அவர் ஊர் வீதிகள். உத்திரம், சித்திரை, அடையவளஞ்சான்.

சித்திரையில் நிறுத்தச் சொன்னேன். நிற்கவில்லை. உத்திரத்தில் நிறுத்தச் சொன்னபோது நின்றது, ஆனால் அங்கே இருந்தது ஏதோ ஒரு கட்டளையின் பின்பாதி. பட்டப்பகல்தான், பக்கத்துப் பட்டறையில் லேத் இரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் எதிர் நாற்காலியை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

"என்னங்க, மெஷின்ல கோளாறா?" என்று மேனேஜர் கேட்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். பேரெல்லாம் ஒரு புரோகிராமோடது, சிப்புல ஓடுறது வேற புரோகிராம்னு தோணுது."

சிப்பில் இருந்ததையும் பிளாப்பியில் இருந்ததையும் ஒப்பிட்டேன். தொடக்கம் ஒன்றுதான். பிறகு எல்லாமே சற்றுத் தள்ளியிருந்தன. ஃபைலின் தேதிப்படி, கடைசி நாளில் அவர் பிளாப்பியில் நடுவே சில வரிகள் சேர்த்திருக்கிறார். சிப்பில் ஏற்றாமலே கிளம்பியிருக்கிறார்.

வேறு சிப் கைவசம் இல்லை. அதையே அழித்து எழுத வேண்டும். அவர் கையால் ஏற்றியது அதில் இருந்தது. சிப்பில் உள்ளதைப் புற ஊதா ஒளியால் அழிக்கும் விளக்குப் பெட்டிக்குள் அதை வைத்து, மூடியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றேன். பிறகு மூடினேன்.

புதிதாக ஏற்றியதும், சொன்ன இடத்தில் நின்றது. நாள் முழுக்கச் சூடேற்றிப் பார்த்தோம், பெட்டி உறையவேயில்லை. அவர் சேர்த்த வரிகள் அந்தக் கோளாறுக்கான மருந்து. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதுகில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ அன்னிக்கே சரியாயிடுத்தா?"

"ஆயிடுச்சு மாமி. சிப்புல ஏத்தறதுதான் பாக்கி."

"பத்து நாளா இதே கவலையா இருந்தார். ஆத்துக்கு வந்ததும் முதல்ல அதைத்தான் சொல்லியிருப்பார்."

காபி கலக்க உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.