கைதூக்கு அக்கா

“டீ வேணும்கிறவங்க கை தூக்குங்க!”

கேட்டுவிட்டு அக்கா அறையை ஒரே ஒரு முறை பார்ப்பார். தூக்கிய கைகளுக்குக் கோப்பை வரும். தூக்காதவர்கள் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. “கேட்டப்போ சும்மா இருந்தீங்க, அப்போ வேணாம்னுதானே அர்த்தம்?” காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கருவிகளுக்குக் கையேடு எழுதும் எனக்குப் பாதி நாள் டீ கிடையாது. அலுவலகம் முழுக்க அவருக்குக் கைதூக்கு அக்கா என்றுதான் பெயர். அவருக்கும் தெரியும், கோபமில்லை.

ஒவ்வொருவராகக் கேட்பது அவர் உடம்புக்கு ஆகாது. மகளிடம் போனில் பேசும்போதும் அப்படித்தான். “பல்லு தேச்சாச்சா, சாப்டாச்சா, பை எடுத்தாச்சா? எல்லாத்துக்கும் சேத்து ஒரே பதில் சொல்லு.” அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “சரி, மொதல்ல பல்லத் தேய்” என்று வைத்துவிடுவார்.

அவர் தொழிலும் இதேதான். குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்காக மணி அடித்து எச்சரிக்கும் ஒரு சின்னப் பெட்டி செய்கிறோம். எல்லாத் தொட்டில்களிலிருந்தும் இதயத் துடிப்பும் மூச்சும் அதற்குள் ஓயாமல் வந்து கொட்டும். ஒவ்வொன்றாக எடுத்து வரம்போடு ஒப்பிட்டால் பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். அக்கா எழுதிய கணினி நிரல் எட்டு எண்களை வரிசையாக நிறுத்தி, ஒரே கட்டளையில் “யாருக்குக் குறைஞ்சிருக்கு?” என்று கேட்கும். எட்டுப் பதில்களும் ஒன்றாக வந்து விழும். பெட்டியின் மூளையான சில்லுக்குள் அந்த வசதி முன்பே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பும் ஆயத்த நிரல் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். அதோடுதான் அக்கா குடும்பம் நடத்துகிறார் என்று கேலி செய்வோம்.

அவர் மகளும் குறைமாதத்தில் பிறந்தவள்தான். “அன்னிக்கு வார்டுல ஒரே ஒரு நர்ஸு. ஒவ்வொரு தொட்டிலா ஓடிட்டே இருந்தாங்க. எம்பொண்ணுகிட்ட வர்றதுக்குள்ள எனக்கு உசிரு போய் உசிரு வரும்” என்று ஒருமுறை சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மருத்துவமனையில் முதல் சோதனை. பொய்த் துடிப்பு அனுப்பும் பொம்மைகளைத் தொட்டில்களில் கிடத்தியிருந்தார்கள். துடிப்பு குறைந்தபோதெல்லாம் மணி அடித்தது. அக்காவின் முகத்தில் கல்யாணக் களை. அப்போது ஒரு பொம்மையின் காலிலிருந்து கம்பி தானாகக் கழன்று விழுந்தது. எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். அது கம்மென்று இருந்தது.

“இத நம்பி எப்படிம்மா நான் புள்ளைங்கள விட்டுட்டுத் திரும்புறது?” என்றார் தலைமை நர்ஸ். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சரிசெய்து கொண்டுவர இன்னும் ஒரு வாய்ப்புத் தந்தார். அதுவும் தவறினால் பெட்டி வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து அலுவலகப் படியேறும்போது அக்கா சொன்னார்: “கம்பி கழண்டா எண்ணே வராது. எண்ணே இல்லாதத எதோட ஒப்பிட்டாலும் ‘இல்ல’ன்னுதான் பதில் வரும். ‘குறைஞ்சிருக்கா?’ இல்ல. நானும் நல்லாருக்குன்னு நெனச்சுட்டேன். எனக்குப் புத்தி எங்க போச்சு!”

மேசைக்குப் போய் உட்கார்ந்தவர், எழாமல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இப்போது நிரல் “யாரு நல்லாருக்கீங்க?” என்று கேட்கிறது. ஆமாம் என்று சொல்லாத அத்தனை பேருக்கும் மணி அடிக்கிறது.

இரண்டாம் சோதனையில் தலைமை நர்ஸ் நேராகப் போய் ஒரு பொம்மையின் கம்பியைப் பிடுங்கினார். மணி அலறியது. அவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, “அந்த மூலையில பிளக் இருக்கு, மாட்டிருங்க” என்றார். அக்கா குனிந்து பிளக்கைத் தேடினார். உடனே நிமிரவில்லை.

மறுநாள் காதில் பாட்டோடு எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அறையில் ஒரு கைகூட உயரவில்லை, எல்லார் மேசையிலும் டீ இருந்தது. “டீ வேணாம்கிறவங்க கை தூக்குங்க” என்று கேட்டாராம், எனக்குத்தான் கேட்கவில்லை. அக்கா கடைசிக் கோப்பையோடு என் மேசைக்கே வந்தார். அதை வைத்துவிட்டு, என் ஒரு காதிலிருந்த ஹெட்ஃபோனை மெல்ல விலக்கி, நான் தலையாட்டும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.