டார்கஸின் வேலியைப் பார்த்த ஸ்கோப்

டிரிஃபி பயந்துபோய்ச் சுட்டாளாம். கை வெடவெடத்ததாம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டாளாம். இப்படிச் சொல்கிறவர்களில் ஒருவராவது அன்றைக்கு அந்தச் சதுப்பில் நின்றார்களா? எங்கள் டிப்பர் கோவ் ஊரில் ஒரு வீட்டில் கிளம்புகிற பேச்சு, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் பதினோரு வீடும் சுற்றிவிட்டுப் புதிதாக இரண்டு கால் முளைத்துத் திரும்பி வரும். டிரிஃபி விஷயத்தில் அது இறக்கையோடு வந்தது.

அவள் பயந்தவளா? பதினாலு வயதில் மீன் பிளக்கும் மேசையில் நின்றவள். அவள் கத்தி போகிற வேகத்துக்கு இரண்டு ஆம்பிளைகள் மீன் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐந்தாவது பிள்ளையின்போது மருத்துவச்சியின் படகு பனிமூட்டத்தில் வழி தவறியது. இவள் தானே பெற்று, தானே தொப்புள்கொடி கட்டி, வந்த மருத்துவச்சிக்குத் தேநீரும் போட்டுக் கொடுத்தாள். இவள்தான் ஒரு மூஸ் மானைப் பார்த்துப் பயந்துவிட்டாளாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடம் மனுப் போட்டு, ஏழாம் வருடம் குலுக்கலில் டிரிஃபிக்கு மூஸ் சுடும் உரிமம் விழுந்தது. ஒரே ஒரு மூஸ். அவள் புருஷன் ஹெட்லி ஏரிக் கப்பலில் வேலைக்குப் போனவன், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். அந்த வருடம் கடலும் கையை விரித்துவிட்டது. வீட்டில் இவளோடு ஆறு வாய். ஒரு மூஸ் கிடைத்தால் வேகவைத்து அறுபது எழுபது பாட்டிலில் அடைக்கலாம், பனி உருகும்வரை கவலையில்லை. கிடைக்காவிட்டால் காய்ந்த ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான்.

காட்டுக்குச் சாலை கிடையாது. அசரியா கிழவரின் மோட்டார் படகில் விரிகுடாவின் கோடிவரை போக வேண்டும். செவ்வாய்க்கிழமை போனார்கள். ஐம்பதடி தூரத்தில், சதுப்புப் புதரை ஒட்டி, காளை மூஸ் ஒன்று பக்கவாட்டில் நின்றது. மரக்கட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, மூச்சைப் பிடித்து, மேலே பொருத்திய குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதன் தோளுக்குப் பின்னால் நிறுத்திச் சுட்டாள். முதுகுக்கு மேலே ஒரு கிளை முறிந்து விழுந்தது. காளை இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிற மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்து போய்விட்டது.

"நல்ல குறி. கிளைக்கு உரிமம் வாங்கியிருக்கியா, அம்மாடி?" என்றார் அசரியா.

வழியெல்லாம் வேறு பேச்சில்லை. கரையில் இறங்கியதும் இன்னொன்றும் சொன்னார். "சனிக்கிழமை விறகுக்குப் போறேன். நீ உக்கார்ற இடத்துல இன்னும் நாலு கட்டை ஏத்தலாம். நீ வீட்டுல இரு."

சனிக்கிழமைதான் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் துப்பாக்கியைத் தொடக்கூடாது, அதோடு வேட்டைப் பருவமும் முடிந்தது. படகு இல்லையென்றால் உரிமச் சீட்டை அடுப்பு மூட்டத்தான் வைத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை மத்தியானம் துப்பாக்கியைத் துடைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பில் அவள் விரலுக்கு ஒரு சொட்டை தட்டுப்பட்டது. புதுச் சொட்டை, பளபளவென்று. அப்போதுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. படகுத்துறைப் பலகையில் மீன் கொழுப்பு வழுக்கி, துப்பாக்கி தோளிலிருந்து நழுவி, கல் நங்கூரத்தில் ணங்கென்று மோதியது. எடுத்து ஸ்கோப் வழியாகப் பார்த்தாள். கண்ணாடி உடையவில்லை, குறுக்குக்கோடும் நேராகத்தான் இருந்தது. நல்லாத்தான் இருக்கு என்று தோளில் மாட்டிக்கொண்டாள்.

அங்கேதான் தப்புச் செய்தாள். அவள் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டிப்பர் கோவ் ஊரில் யார் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்? தோட்டா இறைச்சிக்கு, காகிதத்துக்கு இல்லை என்பது எங்கள் ஊர் வேதம். ஹெட்லி ஒருத்தன்தான் வருடா வருடம் சரளைக்குழிக்குப் போய், குறி சரியா என்று அட்டையைச் சுட்டுப் பார்ப்பான். அதற்கு இவளே அவனைக் கேலி செய்வாள்: "அந்த அட்டையை வறுக்கட்டுமா, குழம்பு வைக்கட்டுமா?"

வியாழக்கிழமை காலையில் மீன் பிளக்கும் மேசையை வெளியே இழுத்துப் போட்டாள். மாவுச் சாக்கில் மணலை நிரப்பி அதில் துப்பாக்கியைப் பதித்தாள். முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற வளையங்களை விரலால் அசைத்தாள். முன் வளையம் ஆடியது. மயிரிழை ஆட்டம்தான். துப்பாக்கி முனையில் மயிரிழை என்றால் மூஸின் முதுகில் ஒரு முழம். கத்தி நுனியால் திருகாணிகளை இறுக்கினாள்.

பிறகு ஹெட்லி செய்வதைப்போல, குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டை உருவி ஏப்ரன் பையில் போட்டாள். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய். பின்பக்கம் கண்ணை வைத்தால் குழலுக்குள்ளாகவே வெளியே பார்க்கலாம். எதிர்க்கரைப் பாறையில், படகுகள் வழி பிடிக்க வெள்ளையடித்த அடையாளம் ஒன்று இருக்கிறது. அது குழலுக்குள் நடுவாக வந்து நிற்கும்வரை சாக்கைத் தட்டித் தட்டிச் சரிசெய்தாள். இனி துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் உயர்த்தி ஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பும் அதே வெள்ளையைக் காட்டினால் பழி இவள் கைக்கு. வேறெதையாவது காட்டினால் பழி ஸ்கோப்புக்கு.

அவள் தலையை உயர்த்துவதற்குள் ஒரு அலறல் கேட்டது.

டார்கஸின் வீடு அந்தப் பாறைக்குக் கீழேதான் இருக்கிறது. டிரிஃபி கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள் என்று முதலில் ஊருக்குச் சொன்னதும் அவள்தான். தன் பக்கம் துப்பாக்கி திரும்பியிருப்பதைப் பார்த்து, பிசைந்த மாவு கையோடு, கரையைச் சுற்றி ஓடிவந்தாள். வழியில் அசரியாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாருங்க மாமா, இவ என்னைச் சுடப் பாக்குறா. நாலு வார்த்தை பேசுனதுக்குக் கொலையா பண்ணுவாங்க?"

"நான்தான் கண்ணை மூடிக்கிட்டுச் சுடுறவளாச்சே டார்கஸ் அக்கா, உங்க மேல எங்க படப் போவுது?" என்று டிரிஃபி போல்ட்டை எடுத்து அவள் மாவுக் கையிலேயே வைத்தாள். "இந்தாங்க, துப்பாக்கியோட நாக்கு. இது உங்ககிட்ட இருக்கிறவரைக்கும் அது பேசாது. உங்க நாக்கை மாதிரி இல்ல. இப்ப மேசையைத் தொடாம குனிஞ்சு குழலுக்குள்ள பாருங்க. என்ன தெரியுது?"

டார்கஸ் முறைத்துக்கொண்டே குனிந்தாள். "வெள்ளைப் பாறை. நிலா மாதிரி வட்டமா."

"இப்ப ஸ்கோப்புல பாருங்க. குறுக்குக்கோடு எது மேல இருக்கு?"

டார்கஸ் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். "இது என் வேலி," என்றாள். "உடைஞ்ச பலகைக்கு அடுத்த பலகை."

வேலி பாறைக்குக் கீழே, வலது பக்கம் எவ்வளவோ தள்ளி. அசரியா அவளை ஒதுக்கிவிட்டுத் தானே பார்த்தார். குழலைப் பார்த்தார், ஸ்கோப்பைப் பார்த்தார், மறுபடி குழலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப மூஸ் மேல கோட்டை வெச்சா..."

"குண்டு மேல போவும் மாமா. கிளைக்குப் போவும்," என்றாள் டிரிஃபி.

ஆனால் கிழவர் லேசில் விடுகிறவரா? "அடி வாங்கின ஸ்கோப்பு. உள்ள ஏதாச்சும் உடைஞ்சிருந்தா இன்னைக்கு வேலியைக் காட்டும், நாளைக்குச் சர்ச் கோபுரத்தைக் காட்டும். எதை நம்பி உன்னைப் படகுல ஏத்துறது?"

கேள்வி நியாயம்தான். பதிலைச் சரளைக்குழியில்தான் தேட வேண்டும். அவளிடம் மீதி எட்டுத் தோட்டா. ஸ்கோப்பின் மூடியைத் திறந்து, ஒரு செப்புக் காசின் விளிம்பை வைத்துத் திருகி, குறுக்குக்கோட்டை வேலியிலிருந்து பாறைக்குக் கொண்டுவந்தாள். பிறகு மூன்று பேரும் போனார்கள். பிஸ்கட் பெட்டி ஒன்றில் கரியால் புள்ளி வைத்து, நூறு தப்படி தள்ளி மண் மேட்டில் சாய்த்தார்கள்.

மூன்று சுட்டாள். பெட்டியைப் பார்க்க முதலில் ஓடியது டார்கஸ்தான், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. "புள்ளியில ஒண்ணுமே படல," என்று அங்கிருந்தே கத்தினாள்.

டிரிஃபியும் ஓடினாள். புள்ளிக்கு ஒரு சாண் கீழே மூன்று ஓட்டை. மூன்றையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம். அவள் அப்படியே சரளையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"தப்பாத்தானேடி போயிருக்கு, எதுக்குச் சிரிக்கிற?"

"மூணும் ஒரே தப்புக்கா. உள்ள உடைஞ்சிருந்தா ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும். இது உடையல, தலையைத் திருப்பிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். ஹெட்லி சொல்வாரு, ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்றவனைத் திருத்திடலாம்னு."

மறுபடி காசு. டிக், டிக், டிக். இறுக்கியது நிற்கிறதா என்று கத்திப் பிடியால் ஸ்கோப்பை நாலு தட்டும் தட்டினாள். நாலாவது தோட்டா கரிப்புள்ளியைத் தின்றது. ஐந்தாவது அந்த ஓட்டையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போனது. அசரியா பெட்டியைக் கையில் தூக்கி, ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"மீதி மூணுதானே? போதுமா?"

"ஒண்ணு போதும் மாமா."

அவர் பிஸ்கட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க டிரிஃபி படகுத்துறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டார்கஸ் மட்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று யாருக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் துறையில் அசரியாவின் இன்ஜின் டுக் டுக்கென்றது. போய்விடும் போய்விடும் என்று டிரிஃபி காதைத் தீட்டி நின்றாள். சத்தம் போகவில்லை, நின்ற இடத்திலேயே துடித்தது. பிறகு கிழவரின் குரல்: "என்ன அம்மாடி, விறகுக் கட்டையா வந்து உன்னை எழுப்பணும்?"

துப்பாக்கியைப் போர்வையில் சுற்றினாள், ஸ்கோப் இருக்கிற இடத்தில் இரண்டு சுற்று அதிகமாக. தோளில் மாட்டவில்லை. கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

எதிர்க்கரையில் டார்கஸின் வேலி தெரிந்தது. உடைந்த பலகையை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு பலகையின் தலையிலும் வீடு வீடாக வாங்கி வந்து கழுவிக் கவிழ்த்த, இறைச்சி அடைக்கிற காலி பாட்டில் ஒன்று ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்க்க டிரிஃபிக்கு நேரமில்லை. படகுத்துறைப் பலகையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனாள்.