அம்மா வீட்டு எல்லை

கறாரக்கா என்று சொன்னால்தான் மீன் இறங்குதுறையில் ஆளைத் தெரியும். ஏலம் கூவுகிறவள். ஒன்று சொல்லிவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாற்ற மாட்டாள்.

அந்தக் கறார்தான் கடலில் ஒரு துண்டையே மூட வைத்தது. வடக்குப் பாறையில் மீன் முட்டையிடுகிறது, அங்கே யாரும் வலை போடக்கூடாது என்று இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பொண்ணு மேல கை வைப்பீங்களா?" என்று ஒரே கேள்வி. கடைசியில் ஆண்கள் ஒத்துக்கொண்டார்கள். பாறைக்கே அம்மா வீடு என்று பேராகிவிட்டது.

கடலில் வேலியா போட முடியும்? படகிலிருந்து பார்த்தால் கரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியும் செல்போன் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும், அதுதான் எல்லை. தாண்டினால் ஒரு வருஷம் அந்தப் படகின் மீனுக்கு ஏலம் கிடையாது. சங்கத்தில் இதை எழுதி வைத்தவளும் அவள்தான்.

மற்றவர்கள் வம்பே வேண்டாமென்று தள்ளியே வலை போட்டார்கள். அவள் தம்பி மட்டும் எல்லையை ஒட்டிப் போடுவான். மழைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி இறங்கிய வாரம், அவன் கூடை நிறைய சினைமீன். அந்தப் பாறையை விட்டு நகராத மீன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் நின்னுச்சுக்கா. என் கண்ணால பார்த்தேன்."

"மீனு பொய் சொல்லாதுடா. நீதான் சொல்ற." ஊரே பார்க்கக் கூடையைத் திருப்பி அனுப்பினாள்.

அவன் படகைக் கரையேற்றிவிட்டு வேறொருவரின் விசைப்படகுக்குக் கூலியாகப் போனான். நாலாம் மாதம் கயிறு சுற்றும் உருளையில் வலக்கை சிக்கி, கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. இப்போது சட்டைப் பொத்தானை அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

அடுத்த வருஷம் எல்லையில் மிதவை கட்ட, படகோட்டி ஒருவனோடு கறாரக்காவே கடலுக்குப் போனாள். வாழ்நாளில் முதல் தடவை. தொட்டியும் கோபுரமும் சேர்ந்த இடத்தில் படகை நிறுத்தச் சொன்னாள். கீழே பார்த்தால் பாறை! தம்பி மாட்டியதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் பழைய தொட்டியை இடித்துவிட்டு எண்பதடி தள்ளிப் புதிது கட்டியிருந்தார்கள். தினமும் அதைக் கடந்துதான் அவள் துறைக்கு வருவாள். பாவி, ஒரு நாளும் தோன்றவில்லையே!

"விடுக்கா, சரியான இடத்துல கட்டிட்டுப் போயிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் படகோட்டி.

தெரியாமலே போயிருக்கும். ஆனால் திருட்டுப்பயல் என்ற பேர் தம்பிக்குக் காலத்துக்கும் நின்றிருக்கும். மாலையில் சங்கத்தைக் கூட்டி, தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இதற்காகவே காத்திருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லையே தப்பென்றால் தடை மட்டும் எப்படிச் செல்லும்? திருத்திக்கொள்ளலாம் என்று அவள் தொண்டை வற்றக் கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை. தடை போயிற்று.

மறுநாள் விடிந்ததும் சங்கத் தலைவர் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தார். கறாரக்காவும் மன்னிப்புக் கேட்க அங்கே வந்திருந்தாள். உனக்கு நடந்தது அநியாயம், அதனால் பாறையில் முதல் வலை உன் கையால்தான் விழ வேண்டும் என்றார் தலைவர்.

தம்பி அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. "அன்னைக்குத் தெரியாம போனேன். இன்னைக்குத் தெரிஞ்சே போகச் சொல்றீங்களா?"

கறாரக்கா அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதற்குள் துறையிலிருந்த முப்பத்தாறு படகுகளும் வடக்கே கிளம்பிப் போயிருந்தன.